அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை

எந்தக் காணொளியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மாணவர்களுக்கான ஊக்கப் பேச்சுக் கூட்டம் ஒன்றில் எடுத்த நான்கு நிமிடத் துண்டு. மூன்று நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. பேச்சாளரின் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் விளம்பரம் தேடிக் கொடுப்பது என் வேலை இல்லை.

உண்மையில் அவர் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. "சேர், கம்பஸ் போய் ஆறு மாதம் ஆகிறது. காலையில் எழும்பவே மனம் வருவதில்லை. கொப்பியைத் திறந்தால் அழுகை வருகிறது. என்ன செய்யலாம்?" என்று அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து நின்று கேட்டாளே ஒரு பிள்ளை. அதற்கு அவர், "உன் அப்பா அம்மா குப்பி விளக்கில் படித்தார்கள். உனக்கு விரலால் தொட்டால் வெளிச்சம். இதற்குப் பெயர் மன அழுத்தம் இல்லைத் தங்கச்சி, சோம்பல்" என்றாரே. உடனே மண்டபம் முழுக்கக் கைதட்டியதே, அந்தக் கைதட்டல்தான் என் காதை விட்டுப் போகவில்லை. பிள்ளை ஒலிவாங்கியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறாள். அத்துடன் காணொளி முடிகிறது.

அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இத்துடன் நிறுத்திவிட்டுப் போகலாம்.

சோம்பேறியா உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வந்து, பல்கலைக்கழகம் வரை போவாள்? ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை என்று தொடங்கினோம். பத்து வயதுப் பிள்ளையைச் சனி, ஞாயிறு பார்க்காமல் வகுப்புக்கு அனுப்பினோம். பிறகு சாதாரண தரம். பிறகு உயர்தரம், விடிய ஐந்தரைக்கு ரியூசன், பின்னேரம் ஒன்று, இரவு ஒன்று. என்ன படிப்பது, எந்தக் கேள்வி வரும், எத்தனை மணிக்கு எழும்புவது, யாருடன் பேசக் கூடாது, எல்லாவற்றையும் நாங்களே முடிவு செய்தோம். மாட்டு வண்டியில் கட்டிப் பதின்மூன்று வருடம் ஓட்டிவிட்டு, ஒரு நாள் காலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "என்ன, நிற்கிறாய்? ஓடு" என்கிறோம். அது நிற்கத்தான் செய்யும்.

குப்பி விளக்குக்கு வருகிறேன். நானும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள்தான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, திரியின் நுனி மட்டும் தெரியும்படி எரித்த விளக்கை எங்கள் வீட்டிலும் எரித்தார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பரீட்சை எழுதியவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த விளக்கில் படித்து மேலே வந்தவர்களைத்தானே மேடைக்குக் கூப்பிடுகிறோம்? அதே விளக்கில் படித்து முடியாமல் போனவர்களை, பாதியில் விட்டவர்களை, 1995இல் போரால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது புத்தகப் பையைச் சாவகச்சேரியில் எங்கோ போட்டுவிட்டு அதற்குப் பிறகு திறக்கவே இல்லாதவர்களை யார் எண்ணினார்கள்? எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஊக்கப் பேச்சுக்குக் கூப்பிட்டதில்லை.

அது போகட்டும். இன்றைக்குக் கம்பஸ் போயிருக்கும் பிள்ளை என்ன வெளிச்சத்தில் படித்தது என்று அந்த ஐயாவுக்குத் தெரியுமா? 2020ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சையை இந்தப் பிள்ளைகள் 2021 மார்ச்சில்தான் எழுதினார்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பாடம் அம்மாவின் கைபேசியில் நடந்தது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குக் கானுடன் வரிசையில் நின்றோம். குப்பி விளக்குத்தான் தகுதி என்றால், அந்தச் சான்றிதழும் இவர்களிடம் இருக்கிறது. 2023க்குரிய உயர்தரத்தை 2024 ஜனவரியில் எழுதினார்கள். பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து, விரிவுரை மண்டபத்துக்குள் கால் வைக்கும் வரை வீட்டில் இருந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் படிக்கும் பழக்கம் கையைவிட்டுப் போவதற்குப் பெயரும் சோம்பலா?

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், யாழ்ப்பாணக் கம்பஸுக்கு நடக்கிற தூரத்தில். 1974இல் அந்த வளாகம் திறந்த காலத்தில் அம்மம்மா முன்னறையை ஒரு மாணவனுக்கு வாடகைக்கு விட்டார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த பிறகு அம்மா அதைத் தொடர்ந்தார். இப்போது மேல்மாடியில் நான்கு பெண் பிள்ளைகள். ஒருத்தி மன்னார், ஒருத்தி முல்லைத்தீவு, இரண்டு பேர் மலையகம்.

ஹற்றன் பக்கத்துப் பிள்ளை வந்த முதல் வாரம் சுவரில் ஒரு நேரசூசி ஒட்டினாள். நான்கு நிறப் பேனா. காலை 4.00 எழும்புதல், 4.15 படித்தல், 6.30 குளித்தல், இரவு 10.30 வரை ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை. கடைசி வரிசையில் சின்ன எழுத்தில் "அம்மாவுடன் பேசுதல் - 10 நிமிடம்". ஒரு மாதம் கழித்து மின்குமிழ் மாற்ற மேலே போனபோது பார்த்தேன். நேரசூசிக்கு மேல் துவாய் தொங்கியது. தற்செயலாகத் தொங்கவில்லை; அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவளே ஆணி அடித்திருக்கிறாள். மேசையில் ஒரு சோற்றுப் பார்சல், பாதி சாப்பிட்டபடி. மறுபாதி இரவுக்கு. "ஏன் பிள்ளை?" என்று கேட்டேன். "பசி இல்லை அக்கா" என்றாள். பார்சல் 350 ரூபாய். மூன்று நேரமும் வாங்கினால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாதாமாதம் கிடைக்கும் மகாபொல உதவித்தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000இலிருந்து 7,500 ரூபாய்க்கு உயர்த்தினார்கள், நல்லது. அதைப் பார்சலால் வகுத்தும் பாருங்கள். அரை வயிற்றுடன் இருக்கும் பிள்ளைக்கு விடிய நான்கு மணிக்கு எழும்ப மனம் வரவில்லை என்றால், அந்த மனத்துக்கு என்ன பேச்சு வைக்கப் போகிறீர்கள்?

அவர்கள் எப்படித் தேறினார்கள் என்றும் சொல்கிறேன். யாரும் எழுச்சி உரை ஆற்றவில்லை. மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க அம்மா, "எல்லோரும் விறாந்தைக்கு வாருங்கள், ஒரு லைட்டில் படிக்கலாம்" என்று கூப்பிட்டார். கஞ்சத்தனத்தில் சொன்னதுதான், ஆனால் வேலை செய்தது. ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை நான்கு பேரும் ஒரு மேசை. முல்லைத்தீவுப் பிள்ளைக்கு ஆங்கிலம் கொஞ்சம் ஓடும். அவள் வாசிப்பாள், மற்றவர்கள் தமிழில் திருப்பிச் சொல்லுவார்கள், பிழை என்றால் சண்டை பிடிப்பார்கள். முறை வைத்துச் சமைக்கிறார்கள். பருப்பு அடிப்பிடித்த மணம் வாரத்துக்கு இரண்டு தரம் வருகிறது. ஹற்றன் பிள்ளையின் சுவரில் இப்போது நேரசூசி இல்லை; அன்றன்றைக்கு என்ன முடிந்தது என்று ஒரு கலண்டரில் எழுதுகிறாள். சில நாட்களில் "உடுப்புத் தோய்த்தேன்" என்று மட்டும் இருக்கும்.

என் கதையையும் சொல்லத்தான் வேண்டும். தவிர்க்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

2009இல் உயர்தரம் எழுதினேன். மூன்று ஏ. ரியூசன் நிலையம் என் படத்தைப் பதாகையில் போட்டுச் சந்தியில் கட்டியது. பாடசாலைச் சீருடை, இரட்டைப் பின்னல், நெற்றியில் திருநீறு. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அளவி, குழாயி, முகவை என்று தமிழில் படித்து இரசாயனவியலில் ஏ எடுத்தவள் நான். அங்கே எல்லாம் ஆங்கிலம். முதல் நாள் ஆய்வுகூடத்தில் "பியூரெட் எடுத்து வா" என்றபோது, அது அளவிதான் என்று தெரியாமல் முகவையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். சிரித்தார்கள். பெரிய கொடுமை ஒன்றும் இல்லை, சிரிப்புத்தான். ஆனால் ஊரில் கேள்வி முடிவதற்குள் கையை உயர்த்தும் பிள்ளைக்கு அன்றிலிருந்து கை எழும்பவில்லை. இரவில் மூத்த மாணவர்களின் பகிடிவதை. 1998இலேயே அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அந்த விடுதிக்கு அப்போது தெரியாது போலும். நித்திரை இல்லாமல் விரிவுரைக்குப் போய், ஒன்றும் விளங்காமல், பலகையில் இருப்பதைப் படம் கீறுவதுபோல் பார்த்து எழுதினேன். முதல் பரீட்சையில் இரண்டு பாடம் போனது.

விடுமுறைக்கு வந்தேன், திரும்பிப் போகமாட்டேன் என்றேன். பதாகை இன்னும் சந்தியில் நின்றது. வெயிலில் சிவப்பு மங்கி, என் முகம் நீலமாக இருந்தது. கடைக்குப் போக அந்தச் சந்தி இரண்டு நிமிடம். நான் கோயிலைச் சுற்றி, வேறு ஒழுங்கையால், பத்து நிமிடம் சயிக்கிள் மிதித்தேன். என் படத்தைப் பார்த்து நானே ஒளித்துத் திரிந்த அந்த ஆறு வாரத்தில் வீட்டில் யாரும் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "ஊர் என்ன கதைக்கும்?" என்று மட்டும் கேட்டார்கள். அதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்டார்கள் என்று எழுதினால் என் வீட்டாருக்கு நோகும். விடுகிறேன்.

திரும்பிப் போனேன். திருகோணமலை அக்கா ஒருவர் தன்னுடைய பழைய குறிப்புக் கொப்பிகளைத் தந்தார். எல்லாப் பக்கத்திலும் ஓரத்தில் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தது. அவருக்கும் விளங்காமல்தான் இருந்திருக்கிறது என்று அந்தப் பென்சிலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

இனிப் பின்னூட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"நீங்கள் நான்கு நிமிடத் துண்டை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள்." ஆம். அந்த நான்கு நிமிடத்தை வெட்டிப் பெருமையாகப் போட்டது ஏற்பாட்டாளர்கள்தான். இதைவிட நல்ல துண்டு இருந்திருந்தால் அதைப் போட்டிருப்பார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரவு முழுக்கக் கைபேசி பார்க்கிறார்கள்." பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. எங்கள் மாடியிலும் பார்க்கிறார்கள், நான் ஏசியும் இருக்கிறேன். இந்தக் காணொளியை இரவு பதினொன்றரைக்குப் பகிர்ந்த பெரியவர்களும் கைபேசியில்தான் பகிர்ந்தார்கள்.

"மாவட்ட ஒதுக்கீட்டில் குறைந்த புள்ளியுடன் வந்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்." பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாடு முழுவதற்குமான தரவரிசைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்பது இந்த நாட்டின் விதி. மூன்று ஏ எடுத்த நான் தடுமாறினேன். இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை.

"ஊக்கப் பேச்சால் பலன் அடைந்தவர்களும் இருக்கிறார்கள்." இருக்கலாம். என் தம்பியே ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு மூன்று நாள் ஐந்து மணிக்கு எழும்பினான். நான்காம் நாள் எழும்பவில்லை, அதற்காக ஒரு வாரம் தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தான். ஆனால் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டவும் முடியாது. பேசிவிட்டு, பிறகு பிள்ளைகளுடன் தனித்தனியாக இருந்து கேட்கும் ஆசிரியர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் காணொளி எடுப்பதில்லை.

ஒரு மணி நேரம் பேசினாராம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதைச் சொல்ல எத்தனை விநாடி போயிருக்கும்? பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறார், போய்ப் பேசு பிள்ளை என்று ஒரு வசனம்? அழுகை வருகிறது என்று சபையில் சொல்லும் அளவுக்கு ஒருத்திக்குத் தைரியம் இருந்தது. அடுத்த தடவை அழுகை வரும்போது அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். அந்தக் கைதட்டல் அவளுக்கு அதைப் படிப்பித்துவிட்டது. அங்கே இருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. நானும் இல்லை. இதை 2011இல் யாராவது எங்கள் வீட்டு விறாந்தையில் சொல்லியிருக்கலாம்.

சரி, மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் காணொளி எனக்கு முகநூலில் வந்து சேரவில்லை. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அம்மாதான் போட்டார். கீழே "நல்ல பேச்சு, எல்லாப் பிள்ளைகளும் கேட்க வேண்டும்" என்று எழுதி, இரண்டு கைகூப்பு. கனடாவில் இருக்கும் மாமா அதற்குப் பெருவிரல் போட்டிருக்கிறார். நான் மூன்று நாட்களாக ஒன்றும் எழுதவில்லை. அம்மாவும் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டே ஒன்றும் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி ஒன்பதரை. நாளைக்கு மேல்மாடியில் இரண்டு பேருக்குப் பரீட்சை. குசினியில் கோப்பைச் சத்தம் கேட்கிறது. அம்மா ஐந்து கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றுகிறார்.