ஒப்புதல் என்றால் எந்த ஒப்புதல்?

போன மாதம் கண்டனூரில் ஒரு திருமணம். வளவில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். முகப்பில் தூணோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த என்னிடம் ஆச்சி மகன் வந்து கைப்பேசியை நீட்டினான். (ஆச்சி என்றதும் பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள். நகரத்தார் வீடுகளில் அக்காளைத்தான் ஆச்சி என்போம்.)

“அம்மான், இதைப் பாருங்கள். 1.05 லட்சம் கோடி ரூபாய்க்கு ஏவுகணை வாங்கிவிட்டோமாம். இனி எவனாவது வாலாட்டுவானா?”

வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய செய்தி அது. 2025 ஜூலை 3 அன்று, பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் குழுமம், டிஏசி என்று சொல்வார்களே அதுதான், பத்து முன்மொழிவுகளுக்குத் தலையசைத்தது. மொத்த மதிப்பு ஏறத்தாழ 1.05 லட்சம் கோடி. தரையிலிருந்து வானை நோக்கி ஏவும் ஏவுகணைகள் அதில் இருந்தது உண்மைதான். அவற்றோடு பழுதான கவச வண்டியை இழுத்துவரும் மீட்பு வாகனங்களும் இருந்தன, கடற்கண்ணிகளும் இருந்தன, கண்ணி அகற்றும் கப்பல்களும் இருந்தன, முப்படைக்கும் பொதுவான சரக்கிருப்புக் கணினி ஏற்பாடும் இருந்தது. அத்தனையையும் ‘ஏவுகணை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். எங்கள் கல்யாணங்களில் சாமான் பரப்பும்போது அண்டா எத்தனை, தூக்குச்சட்டி எத்தனை என்று ஒன்று விடாமல் எழுதுவார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த மூட்டைக் கணக்கைப் படிக்க எனக்குச் சிரிப்பாக வந்தது.

மூட்டையைக்கூட மன்னித்துவிடலாம். “வாங்கிவிட்டோம்” என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு ஒரு திருகாணிகூட வாங்கவில்லை. கொடுக்கப்பட்டது வெறும் ஏஓஎன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். மத்திய அரசின் கொள்முதல் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஏவுகணைக் கோப்பு என் மேசைக்கு வந்ததே இல்லை. கூடாரத் துணியும் ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும்தான் வந்தன. ஆனால் கூடாரத்துக்கும் ஏவுகணைக்கும் கோப்பில் வரும் சுருக்கெழுத்துகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏஓஎன் என்றால் தேவையை ஏற்றுக்கொள்ளுதல். ‘ஆமாம், இந்தப் பொருள் படைக்கு வேண்டியதுதான்’ என்று குழுமம் ஒப்புக்கொள்கிறது. அவ்வளவே. அதற்குப் பிறகு ஆர்எஃப்பி என்ற விலைப்புள்ளி அழைப்பு போக வேண்டும். குறித்த காலத்துக்குள் அது போகாவிட்டால் ஏஓஎன் காலாவதியாகிவிடும். வந்த உறைகளில் தொழில்நுட்ப உறையை மட்டும் டிஇசி என்ற குழு முதலில் பிரித்துப் பார்க்கும். தேறியவர்களின் பொருளை எஃப்இடி என்ற களச் சோதனைக்கு அனுப்புவார்கள். பாலைவனத்தில் ஓடுகிறதா, பனிமலையில் ஓடுகிறதா என்று பார்ப்பதிலேயே ஒரு வருடம் போய்விடுவதுண்டு. அதில் தேறியவர்களின் விலை உறைதான் பிரியும். குறைந்த விலை சொன்னவருக்கு எல்-1 என்று பெயர். அவரோடு சிஎன்சி என்ற குழு உட்கார்ந்து பேரம் பேசும். பெரிய தொகை என்றால் பிரதமர் தலைமையிலான பாதுகாப்பு அமைச்சரவைக் குழுவான சிசிஎஸ் வரை கோப்பு ஏறி இறங்க வேண்டும். ஒப்பந்தக் கையெழுத்து அதற்கும் பிறகுதான். பொருள் வந்து சேர்வது வேறு கதை.

இவ்வளவையும் அவனிடம் சொன்னால் தூங்கிவிடுவான். எனவே இப்படிச் சொன்னேன்: “பையனுக்கு வயதாகிறது, பெண் பார்க்கலாம் என்று உன் அப்பச்சி சொன்னாரே, அதுதான் ஏஓஎன். உள்ளே எழுதுகிறார்களே இசைகுடிமானம், அதுதான் ஒப்பந்தம். நடுவில் எத்தனை ஜாதகம் திரும்பிப் போகும் என்று உனக்குத்தான் தெரியுமே.”

தெரியும். முப்பது வயதாகியும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் புகார் இதுதான். டிஏசி தேவையை ஏற்றால் நம் செய்திகளில் ‘ஒப்புதல்’. பிறகு சிசிஎஸ் அனுமதித்தால் அதுவும் ‘ஒப்புதல்’. எங்கோ ஒரு பரிசோதனை தேறினாலும் ‘ஒப்புதல்’. ஒரே பெண்ணுக்கு மூன்று முறை கல்யாணச் செய்தி போட்டால் படிப்பவர் மூன்று கல்யாணம் என்றுதானே எண்ணுவார்? ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்துகள் எவ்வளவு முரடாக இருந்தாலும், எது எந்தப் படி என்று பிரித்தாவது காட்டுகின்றன. நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டுக் கரைத்துவிட்டோம்.

ரஷ்யாவின் வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பான எஸ்-400 கதையைப் பாருங்கள். அதற்கு டிஏசி தலையசைத்தது 2015 டிசம்பரில். ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 அக்டோபரில், ஐந்து தொகுதிகளுக்கு, சுமார் 543 கோடி டாலருக்கு. முதல் தொகுதி வரத் தொடங்கியது 2021 டிசம்பரில். 2025 மே மாதச் சண்டையின்போது நம் கையில் இருந்தவை மூன்று. இது ஒழுங்காக நடந்து முடிந்த கல்யாணம். நடக்காமல் போனதும் உண்டு. எம்எம்ஆர்சிஏ என்று 126 போர் விமானங்களுக்கு 2007-இல் விலைப்புள்ளி கேட்டார்கள். 2012 ஜனவரியில் பிரான்ஸின் ரஃபேல் எல்-1 ஆனது. மூன்று வருடம் பேசியும் படியவில்லை. 2015-இல் அந்த அழைப்பையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். 2016 செப்டம்பரில் கையெழுத்தானது 36 விமானங்களுக்கான வேறொரு ஒப்பந்தம், அரசுக்கும் அரசுக்கும் இடையில். அந்த 126-ஐ ‘வாங்கப்போகிறோம்’ என்று எத்தனை தேநீர்க் கடைகளில் எத்தனை வருடம் பேசினோம்! எல்-1 என்பது மாப்பிள்ளை வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனதைப் போல.

எல்-1 பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை குறைந்த விலைக்காரரிடம் வாங்கிய கூடாரத் துணி முதல் மழையிலேயே சாயம் போய், உள்ளே படுத்திருந்தவர்களின் சட்டையெல்லாம் பச்சையாகிவிட்டது. கோப்பில் எந்தத் தவறும் இல்லை. எல்லா எழுத்துகளும் முறைப்படி இருந்தன.

சுருக்கெழுத்தே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லவும் கூடாது, அதுவும் செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு! எங்களைப் போலச் சுருக்கெழுத்தில் வாழ்ந்தவர்கள் யார்? கடைக்கும் வீட்டுக்கும் பெயரே ‘விலாசம்’ என்ற முதலெழுத்துக் கோவைதான். எம்.சிடி.எம். என்று சொன்னாலே போதும். அந்த எழுத்துகளைத் தாங்கிய சிதம்பரம் செட்டியார் 1937-இல் தொடங்கிய வங்கிக்கும் ஐஓபி என்று மூன்றெழுத்துதான் நிலைத்தது. காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்த வங்கி அது. ‘எங்கள் கோவிலில் இத்தனை புள்ளி’ என்று நான் சொன்னால் வெளியூர் நண்பர் கோலத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைப்பார். திருமணமான ஒரு குடும்பத்தை ஒரு புள்ளி என்போம்.

இலக்கணமும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறிக்கு நாம் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டுகள். கியூஆர்சாம், வி-ஷோராட்ஸ் எல்லாம் இந்த வகை. ஒன்று விரைந்து எதிர்வினை காட்டும் தரை-வான் ஏவுகணை, மற்றது மிகக் குறுந்தொலைவு வான்பாதுகாப்பு. எதிரியின் ஏவுகணை வந்துகொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் ரேடார் முன் உட்கார்ந்திருப்பவர் முழுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவர் சுருக்கட்டும். அது தொழிற்சொல்.

எனக்குச் சந்தேகம் வருவது மற்ற இரண்டு வகைகளில்தான். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். அமெரிக்காவின் தாட் என்ற இடைமறிப்பு ஏவுகணையில் முதல் எழுத்து போர்க்களப் பகுதியைக் குறிக்கும் ‘தியேட்டர்’ என்ற சொல்லுக்காக வைத்தது. 2004-இல் அதை ‘டெர்மினல்’ என்று மாற்றிக்கொண்டார்கள். எதிரியின் ஏவுகணை இறங்கிவரும் கடைசிக் கட்டம் என்று பொருள். எழுத்து அப்படியே நின்றது, பொருள் மட்டும் மாறியது. பெயர்ப்பலகைச் செலவு மிச்சம். ஏவுகணைத் தடுப்புக்கான அவர்களுடைய அமைப்போ 1984-இல் எஸ்டிஐஓ, 1993-இல் பிஎம்டிஓ, 2002-இல் எம்டிஏ. எங்கள் பக்கத்தில் ஒரு கடை விலாசத்தை மாற்றினால் ‘பழைய பாக்கி என்ன ஆயிற்று?’ என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல் இன்னும் கனமானது. 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரின் பட்காமில் நம் விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. ஆறு விமானப்படையினரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி அந்த அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். விசாரணை பற்றிய செய்திகளில் அடிபட்ட சொல் ஐஎஃப்எஃப். வருவது நட்பா பகையா என்று அறியும் கருவி. தமிழில் எழுதிப் பாருங்கள், நெஞ்சில் அடிக்கும். மூன்றெழுத்தாக வைத்தால் ஏதோ ரேடியோ உதிரிப் பாகம் போல இருக்கிறது. 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். சொன்ன காரணம் ‘எஸ்ஓபி-யிலிருந்து விலகல்’. வகுத்த செயல்முறையை மீறினார்கள் என்று பொருள். யார் எதை மீறினார் என்று அந்த மூன்றெழுத்து சொல்லாது.

விலாசத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் உறைக்கிறது. விலாசத்தில் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் ஒரு ஐயா இருந்தார், பாட்டையா இருந்தார். வட்டிக்குக் கொடுத்தவன் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் கொடுத்தான். பாக்கி என்றால் அந்த வீட்டு வாசலுக்கு வருவான். ஏஓஎன், எல்-1, எஸ்ஓபி இவற்றின் வாசல் எது?

பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பங்காளியிடம் இதைச் சொன்னேன். “நீ சொல்வது சரி. தலைப்பில் இடம் வேண்டாமா? ‘ஒப்புதல்’ ஐந்தெழுத்து” என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன். ‘தேவை ஏற்பு’ம் ஐந்தெழுத்துதான். நடுவில் ஓர் இடைவெளி கூடுதல், அதற்கு நான் பொறுப்பேற்கிறேன் என்றேன். ‘விலைப்புள்ளி அழைப்பு’ கொஞ்சம் நீளம், ஒப்புக்கொள்கிறேன். ‘அமைச்சரவை அனுமதி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘ஒப்பந்தம்’ ஒப்பந்தமாகவே இருக்கட்டும். இதில் ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கொள்முதல் நடைமுறை நூலை அமைச்சகமே வெளியிட்டிருக்கிறது, சுருக்கெழுத்துப் பட்டியலோடு.

ஏவுகணைப் பெயர்களைத் தமிழாக்கச் சொல்லி யாரும் கிளம்ப வேண்டாம். ‘அயர்ன் டோம்’ என்பதை ‘இரும்புக் குவிமாடம்’ என்று எழுதப்போய், ஊருக்கு மேல் ஏதோ மூடி போட்டிருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டு ஆச்சிகளே நம்புகிறார்கள். அது எழுபது கிலோமீட்டருக்குள்ளிருந்து வரும் ராக்கெட்டுகளுக்கானது. நெடுந்தொலைவு ஏவுகணைக்கு இஸ்ரேலிடம் ‘ஏரோ’ என்று வேறு ஏற்பாடு உண்டு. பெயர் பெயராகவே இருக்கட்டும். பணம் நகரும் படிகளுக்கு மட்டும் தமிழ் வேண்டும், ஏனென்றால் பணம் நம்முடையது.

போன வாரம் ஆச்சி மகன் மறுபடியும் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். ஏதோ ட்ரோன் தடுப்புக் கருவி, தலைப்பில் வழக்கம்போல ஆச்சரியக்குறிகள். கீழே கேட்டிருந்தான்: “அம்மான், இது பெண் பார்த்ததா, இசைகுடிமானமா?”

திறந்து படித்தேன். ஆர்எஃப்ஐ. யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று தகவல் மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

“தரகரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்” என்று பதில் போட்டேன்.

“அப்படியென்றால் என்னை விடப் பின்னால்தான் இருக்கிறது” என்று எழுதினான்.