அலிஸ்டர் மெக்லீன்: குளிரையும் களைப்பையும் எழுதியவர்

அலிஸ்டர் மெக்லீன் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது இரண்டு படங்கள். ‘கன்ஸ் ஆஃப் நவரோன்’, ‘வேர் ஈகிள்ஸ் டேர்’. பாறையைக் குடைந்து வைத்த ராட்சத பீரங்கிகள், பனிமலைக் கோட்டை, கேபிள் கார் கூரை மேல் நடக்கும் சண்டை. லெண்டிங் லைப்ரரி காலத்து ஆட்களுக்கு அவருடைய நாவல்களும் ஞாபகம் இருக்கும். ஆனால் அவர்களிடம் கேட்டாலும் “விறுவிறுப்பா இருக்கும், கீழே வைக்க முடியாது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு அது போதவில்லை. மெக்லீனின் பெரிய பலம் சண்டைக் காட்சிகளில் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். பல நாள் தூங்காமல், விரல்கள் மரத்துப்போய், இனி ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது என்ற நிலையில், அடுத்த அடியை எடுத்து வைக்கிற மனிதர்களைப் பற்றித்தான் அவர் எழுதினார். சாகச நாவல் எழுதியவர்களில் உடம்பின் களைப்பை இவ்வளவு நம்பும்படி எழுதிய வேறொருவரை நான் படித்ததில்லை. அதன் உச்சம் அவருடைய முதல் நாவலான ‘ஹெச்.எம்.எஸ். யுலிசிஸ்’. அது இன்றுவரை திரைப்படமாகவில்லை. படங்கள் வழியாகவே அவரை அறிந்த தலைமுறைகளுக்கு அந்த நாவல் தெரியாமலே போய்விட்டது. இந்தப் பதிவை எழுத அந்த ஆதங்கம்தான் காரணம்.

மெக்லீன் 1922-ல் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்து திருச்சபையின் போதகர். சிறுவயது முழுக்க ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வெர்னஸ் பக்கத்தில் டேவியட் என்ற ஊரில் கழிந்தது. வீட்டில் பேசியது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக். ஆங்கிலம் அவருக்கு இரண்டாவதாக வந்த மொழி. கோடிக்கணக்கில் விற்ற ஆங்கில நாவல்களை எழுதியவர் பிறந்து வளர்ந்த வீட்டின் மொழி ஆங்கிலம் இல்லை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. 1936-ல் அப்பா இறந்தார். குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பியது. 1941-ல் கடற்படையில் சேர்ந்தார்.

அவர் அதிகாரி இல்லை, சாதாரண மாலுமி. ‘ராயலிஸ்ட்’ என்ற க்ரூசர் ரகப் போர்க்கப்பலில் டார்பிடோ (தண்ணீருக்குள் பாயும் குண்டு) பிரிவில் வேலை. அந்தக் கப்பல் அவரைக் கொண்டுபோன இடங்களைப் பார்த்தால் பின்னால் வந்த நாவல்களின் வரைபடம் போலவே இருக்கிறது. முதலில் ஆர்க்டிக் கடல். 1944 ஏப்ரலில் நார்வே கரையில் பதுங்கியிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் ‘டிர்பிட்ஸ்’ மீது நடந்த விமானத் தாக்குதலில் ராயலிஸ்டும் பங்கெடுத்தது. அப்புறம் மத்தியதரைக் கடல், தெற்கு பிரான்ஸ், கிரீஸ் பக்கத்து ஏஜியன் தீவுகள். 1945-ல் இந்துமாக்கடல். அப்போது பிரிட்டனின் கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தளம் நம் திருகோணமலைதான். அங்கிருந்துதான் பர்மா, மலாயா பக்கம் கப்பல்கள் போயின. ஆர்க்டிக்கிலிருந்து ‘யுலிசிஸ்’, ஏஜியனிலிருந்து ‘நவரோன்’, கிழக்குக் கடல்களிலிருந்து ‘சவுத் பை ஜாவா ஹெட்’. முதல் மூன்று நாவல்களும் அவர் நேரில் பார்த்த தண்ணீரிலிருந்து வந்தவை. அந்த மூன்றும்தான் அவருடைய சிறந்த நாவல்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

போர் முடிந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு பள்ளி ஆசிரியர். 1954-ல் ‘கிளாஸ்கோ ஹெரால்ட்’ பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டியில் அவருக்கு 100 பவுண்டு பரிசு கிடைத்தது. புயலில் சிக்கிய ஒரு படகைப் பற்றிய கதை அது. காலின்ஸ் பதிப்பகத்தில் வேலை பார்த்த இயன் சாப்மனின் மனைவி அதைப் படித்துவிட்டுக் கலங்கிப்போனார். சாப்மன் இந்த வாத்தியாரைத் தேடிப்பிடித்து, நாவல் எழுதுங்கள் என்று கேட்டார். மெக்லீன் சில வாரங்களிலேயே ‘யுலிசிஸ்’ஸை எழுதி முடித்தார். 1955-ல் வெளிவந்தது. முதல் ஆறு மாதத்தில் பிரிட்டனில் மட்டும் சுமார் 2,50,000 கெட்டி அட்டைப் பிரதிகள் விற்றன. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டார்.

நாவலுக்குள் போவதற்கு முன் அந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1941-ல் ஹிட்லர் சோவியத் யூனியன் மீது படையெடுத்ததும், டாங்கி, விமானம், எரிபொருள், உணவு எல்லாவற்றையும் ரஷ்யாவுக்கு அனுப்ப மிகக் குறுகிய வழி நார்வேக்கு வடக்கே சுற்றி மூர்மான்ஸ்க், ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகங்களுக்குப் போவது. நார்வே ஜெர்மனி கையில் இருந்தது. கரையிலிருந்து விமானங்கள், தண்ணீருக்கு அடியில் யு-போட் என்ற ஜெர்மன் நீர்மூழ்கிகள், மலைகளுக்கு நடுவே நீளும் ஃபியோர்டு என்ற கடல் இடுக்குகளுக்குள் பெரிய போர்க்கப்பல்கள். போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல் அணிக்குக் கான்வாய் என்று பெயர். 1941 ஆகஸ்டிலிருந்து 1945 மே வரை 78 கான்வாய்கள் இந்த வழியில் போய் வந்தன. 85 சரக்குக் கப்பல்களும் பிரிட்டிஷ் கடற்படையின் 16 போர்க்கப்பல்களும் மூழ்கின. 1942 ஜூலையில் ‘பி.க்யூ. 17’ என்ற ஒரே கான்வாயில் 24 சரக்குக் கப்பல்கள் மூழ்கின. ‘டிர்பிட்ஸ்’ வருகிறது என்ற பயத்தில் லண்டன் தலைமையகம் காவல் கப்பல்களைத் திருப்பி அழைத்துவிட்டு, சரக்குக் கப்பல்களைச் சிதறி ஓடச் சொன்னது. அந்த உத்தரவின் நிழல் மெக்லீனின் நாவல் முழுக்க விழுந்து கிடக்கிறது.

எதிரிக்குச் சமமாக அங்கே குளிரும் கொன்றது. அலைத்துளி மேல்தளத்தில் விழுந்தவுடன் உறையும். அந்தப் பனிக்கட்டி ஏறஏற மேல்பாரம் கூடிக் கப்பல் கவிழ்ந்துவிடக்கூடும். அதனால் மாலுமிகள் கோடாரியும் சுத்தியலும் கொண்டு இரவு பகலாக அதை உடைத்துக் கடலில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். தண்ணீரில் விழுந்தவருக்குச் சில நிமிடங்கள்தான். குளிர்காலத்தில் சூரியனே எழாது. கோடையில் சூரியன் மறையாது, அதனால் விமானத் தாக்குதலுக்கு இடைவெளியே கிடையாது. இந்தப் பயணம் போனவர்களுக்கென்று தனியாக ஒரு பதக்கம் கொடுக்க பிரிட்டிஷ் அரசுக்கு 2013 வரை ஆனது. அதற்குள் பெரும்பாலானோர் இறந்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சரி, நாவல். கதையைக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் இதைப் பேச முடியாது. முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம். ‘யுலிசிஸ்’ என்ற க்ரூசரில் கலகம் நடந்து முடிந்திருக்கிறது. ஓய்வே இல்லாமல் ஆர்க்டிக்குக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட மாலுமிகள் உடைந்துபோய் உத்தரவுக்குப் பணிய மறுத்திருக்கிறார்கள். அதற்குத் தண்டனை போல உடனே இன்னொரு பயணம். எஃப்.ஆர். 77 என்ற கற்பனைக் கான்வாய்க்குக் காவல். தாங்கள் ‘டிர்பிட்ஸ்’ஸை வெளியே இழுக்கும் தூண்டில் புழு என்பது பிறகுதான் தெரியவருகிறது. கப்பல் தலைவர் வேலரி காசநோயால் இரத்தம் துப்பிக்கொண்டிருக்கிறார். அட்மிரல் டிண்டல், கப்பல்கள் அழிந்ததற்குத் தானே காரணம் என்ற எண்ணத்தில் மனம் சிதைந்துபோகிறார். கலகம் செய்த மாலுமிகள் கடைசிவரை அந்தக் கப்பலை ஓட்டுகிறார்கள்.

ஏன் ஓட்டுகிறார்கள்? நாடு, கொடி, மன்னர் என்று யாரும் பேசுவதில்லை. சாகக்கிடக்கும் வேலரி கப்பலின் அடித்தளம்வரை இறங்கி, நடக்கவே முடியாத நிலையில் ஒவ்வொரு பகுதியாகப் போய்த் தன் ஆட்களைப் பார்க்கிறார். பெரிய உரை எதுவும் ஆற்றுவதில்லை. அந்த ஒரு நடையில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் அவருக்காக எதையும் தாங்குகிறார்கள். ரால்ஸ்டன் என்ற இளம் டார்பிடோ மாலுமி வரும் இடம் இன்னொன்று. தீப்பற்றிய எண்ணெய்க் கப்பல் ஒன்று இருட்டில் எல்லோரையும் எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் நிலை. அதை மூழ்கடிக்கும்படி உத்தரவு வருகிறது. அவன் செய்கிறான். அந்தக் கப்பலின் தலைவர் அவனுடைய அப்பா என்பது பிறகுதான் தெரிகிறது. இதைச் சுருக்கமாகச் சொன்னால் மிகை நாடகம் போலத் தெரியலாம். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அந்தக் குளிரில் அவர்களோடு கிடந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தால் மிகை என்று தோன்றவே தோன்றாது. எல்லோரும் அழக்கூடத் தெம்பில்லாமல் இருக்கிறார்கள்; மெக்லீனும் அவர்களை அழவைப்பதில்லை.

வெளிவந்தபோது எதிர்ப்பும் இருந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கலகமா, கடற்படையை அவமதிக்கிறார் என்றார்கள். அந்த மாலுமிகளின் களைப்பை மறைக்காமல் எழுதியதைவிட அவர்களுக்குப் பெரிய மரியாதை செய்திருக்க முடியாது என்பது என் பதில்.

1957-ல் வந்த ‘நவரோன்’ நாவலையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். நவரோன் என்ற தீவு கிடையாது. 1943-ல் ஏஜியன் கடலின் லெரோஸ் தீவில் பிரிட்டிஷ் படை தோற்றுச் சரணடைந்தது நிஜம். அதிலிருந்து எடுத்துக் கற்பனையாகக் கட்டியது. 1961-ல் வந்த படத்தில் கிரெகரி பெக்கையும் ஆன்டனி க்வின்னையும் எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும் பிடிக்கும். ஆனால் நாவலில் வரும் ஆண்டி ஸ்டீவன்ஸ் படத்தில் இல்லை. ஸ்டீவன்ஸ், பீரங்கிகளைத் தகர்க்கப் போகும் குழுவில் ஓர் இளம் அதிகாரி, நல்ல மலையேறி. அவனுக்கு ஒரே நோய் பயம். பயப்படுகிறோம் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். செங்குத்துப் பாறையில் கால் முறிந்து, அது அழுக ஆரம்பித்து, குழுவுக்குப் பாரமாகிவிடுகிறான். கடைசியில் மற்றவர்கள் தப்பிக்க ஒரு துப்பாக்கியோடு தனியாக எதிரியைத் தடுத்து நிற்கும்போது பயம் அவனை விட்டுப் போயிருக்கிறது. கால் முறிந்தவன் பாத்திரத்தைப் படம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, பெண் பாத்திரங்களையும் சேர்த்தது. பீரங்கி வெடித்தது, ஸ்டீவன்ஸின் பயம் காணாமல் போனது. மெக்லீனுக்கு சினிமா செய்த நன்மை தீமை இரண்டையும் இதில் பார்க்கலாம்.

அதன் பிறகு புத்தகம் வருடா வருடம் வந்தது. வாசகர்கள் பெயருக்காக வாங்குகிறார்களா, எழுத்துக்காகவா என்று பார்க்க இயன் ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் இரண்டு நாவல்கள் எழுதினார். வரிக்காக சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 1963-ல் எழுத்தையே நிறுத்திவிட்டு இங்கிலாந்தில் ஹோட்டல் நடத்தப் போனார். கார்ன்வாலில் உள்ள ‘ஜமைக்கா இன்’ அவற்றில் ஒன்று. சில வருடங்களில் திரும்பி வந்தார். அப்போதுதான் தயாரிப்பாளர் எலியட் காஸ்ட்னர், நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனுக்காக நேரடியாகத் திரைக்கதை எழுதச் சொன்னார். அதுதான் ‘வேர் ஈகிள்ஸ் டேர்’. திரைக்கதை முதலில், நாவல் பிறகு. 1967-ல் நாவல், 1968-ல் படம்.

சரிவு அங்கேதான் தொடங்கியது என்பது என் கணிப்பு. அந்தக் கதை கச்சிதமானது, கோட்டை மண்டபத்தில் யார் யாருடைய உளவாளி என்று புரட்டிப் புரட்டிப் போடும் காட்சி அபாரமானது. ஆனால் அதில் யாருக்கும் குளிரவில்லை, யாரும் களைக்கவில்லை. ஹீரோ எல்லாவற்றையும் முன்பே அறிந்தவன். அதற்குப் பின் வந்த பல நாவல்கள் கேமராவுக்காகவே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. குழுவுக்குள் ஒரு துரோகி, நிறைய குடிக்கும் வெடிமருந்து நிபுணர், கடைசி அத்தியாயத்தில் நீண்ட விளக்கம். பெண் பாத்திரங்கள் அவருக்கு ஆரம்பம் முதலே வரவில்லை. பிற்காலத்தில் அவர்கள் கடத்தப்படுவதற்கும் காப்பாற்றப்படுவதற்கும் மட்டுமே இருக்கிறார்கள். எழுத்தில் தனக்கு மகிழ்ச்சி இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். குடிப்பழக்கமும் அவரைத் தின்றது. 1987 பிப்ரவரியில் ம்யூனிக்கில் இறந்தார். சுவிட்சர்லாந்தில் செலினி என்ற சிற்றூரில், ரிச்சர்ட் பர்ட்டன் புதைக்கப்பட்ட அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அவரும் இருக்கிறார். அவர் விட்டுப்போன கதைச் சுருக்கங்களை வைத்து வேறு ஆட்கள் எழுதிய புத்தகங்கள் அவர் பெயரைப் பெரிதாகப் போட்டு வந்தன. அவற்றை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம்.

அவருடைய புத்தகங்கள் மொத்தம் 15 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்கிறார்கள். இவ்வளவு விற்றதாலேயே விமர்சகர்கள் அவரைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை. போர் இலக்கியம் என்று பட்டியல் போடும்போது ‘யுலிசிஸ்’ அதில் அரிதாகத்தான் வருகிறது. ஒரு மாலுமி, அதிகாரி அல்லாத ஒருவர், தான் நின்று வேலை பார்த்த கடலைப் பற்றி எழுதியது அது. பட்டியல் போடுகிறவர்கள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இனிமேல் மெக்லீனைத் தொடங்கப் போகிறவர்களுக்கு என் வரிசை இது. முதலில் ‘ஹெச்.எம்.எஸ். யுலிசிஸ்’. முதல் ஐம்பது பக்கம் கப்பல் சொற்கள் கொஞ்சம் மிரட்டும், விட்டுவிடாதீர்கள். அப்புறம் ‘நவரோன்’, படம் பார்த்திருந்தாலும். மூன்றாவதாக 1959-ல் வந்த ‘நைட் வித்தவுட் எண்ட்’. கிரீன்லாந்து பனிவெளியில் விழுந்த பயணிகள் விமானத்தில் தப்பியவர்களோடு கொலையாளியும் நடக்கிற கதை. அதிலும் அந்தப் பழைய குளிர் இருக்கிறது. ‘ஐஸ் ஸ்டேஷன் ஸீப்ரா’வை நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். 1971-க்குப் பிறகு வந்தவற்றை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ‘யுலிசிஸ்’ படித்தவர்கள் இங்கே இருந்தால், வேலரி கப்பலுக்குள் இறங்கிப் போகும் அந்த இடம் உங்களை என்ன செய்தது என்று கீழே எழுதுங்கள்.