சிஎஸ்எஸ் எழுதியவர் போட்ட சண்டைகள்

வெப் ஸ்டாண்டர்ட், அதாவது இணையப் பக்கங்களுக்கான பொது விதிகள் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்கள் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஹோகோன் வியும் லீ என்ற நார்வேக்காரர் பெயரை யாரும் எடுப்பதில்லை. நாம் தினமும் பார்க்கும் பக்கங்களின் நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஆளும் சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தவர் அவர். ஆனால் எனக்கு அவரைப் பிடிப்பது வேறு காரணத்துக்காக. விதியை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், அதை மதிக்காதவர்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றாரே, அதற்காக.

1994-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அப்போதெல்லாம் ஒரு பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை பிரவுசர்தான் முடிவு செய்யும். எழுதுபவர் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வருடம் அக்டோபர் 10 அன்று வியும் லீ தன் முன்மொழிவை வெளியிட்டார். மூன்றே நாளில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசரின் சோதனைப் பதிப்பு வந்தது. அவர்கள் போன வழி வேறு. ஃபாண்ட், சென்டர் என்று அலங்காரத்தை எல்லாம், பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் டேக்குகளாகவே உள்ளே திணித்தார்கள்.

லீயின் அந்த முதல் முன்மொழிவை இன்று படித்தாலும் சுவாரசியமாக இருக்கும். அதில் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம் போடலாம். "துணைத்தலைப்பு 20 பாயின்ட், இதில் எனக்கு 40 சதவீதம் கொடுத்தால் போதும்" என்கிற மாதிரி. மீதி யாருக்கு? மற்ற ஸ்டைல்ஷீட்டுகளுக்கு (இந்த விதிகளின் தொகுப்புக்கு அதுதான் பெயர்), வாசகர் வைத்திருப்பதற்கும் சேர்த்து. எழுதியவரும் வாசிப்பவரும் பேரம் பேசி ஓர் இடத்தில் வந்து நிற்பார்கள். கேட்க அழகு, ஆனால் நடக்காது: எழுத்தளவில் பாதிப் பாதி போகலாம், இரண்டு ஃபாண்ட்டுகளை எப்படிப் பாதிப் பாதி கலப்பது? எனவே சதவீதம் போனது. டச்சுக்காரரான பெர்ட் போஸ் கூட்டுச் சேர்ந்து, 1996 டிசம்பர் 17 அன்று சிஎஸ்எஸ்1 அதிகாரபூர்வமானது. அதில் எழுதியவரும் வாசகரும் ஒரே விஷயத்தை வேறு வேறாக அழுத்திச் சொன்னால் எழுதியவர் பேச்சுதான் எடுபடும். 1998-இல் வந்த சிஎஸ்எஸ்2 அதைத் தலைகீழாக்கி வாசகருக்கே கடைசி வார்த்தையைக் கொடுத்தது. கண் பார்வை குறைந்தவர் பெரிய எழுத்து வேண்டும் என்றால் எந்த டிசைனரும் அதைத் தடுக்கக் கூடாது. இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட தொழில்நுட்ப ஆவணங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, எழுதியாயிற்று. பிரவுசர்கள் கேட்டனவா? மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தில் உள்ள ஒரு பெட்டியின் அகலத்தையே தப்பாகக் கணக்குப் போட்டது. நெட்ஸ்கேப் 4 இன்னும் மோசம். 1999-இல் லீ ஓஸ்லோவில் ஓப்பெரா பிரவுசரைத் தயாரித்த ஓப்பெரா நிறுவனத்தில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாகச் சேர்ந்தார். அசல் சண்டை அங்கேதான் ஆரம்பம்.

2003-இல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளம் ஓப்பெராவுக்கு மட்டும் வேறு ஸ்டைல்ஷீட் அனுப்புவதை அவர் ஆதாரத்தோடு போட்டு உடைத்தார். அந்த ஸ்டைல்ஷீட் உள்ளடக்கத்தை 30 பிக்சல் இடப்பக்கம் தள்ளிவிடும். பார்ப்பவருக்கு ஓப்பெராவில்தான் கோளாறு என்று தோன்றும். அவர் உருவாக்கிய மொழியாலேயே அவருக்கு அடி! ஓப்பெரா அழுதுகொண்டு உட்காரவில்லை. எம்எஸ்என் பக்கத்தை மட்டும், தொலைக்காட்சி பொம்மை நிகழ்ச்சியில் வரும் சுவீடன் சமையல்காரரின் உளறல் மொழியில் காட்டும் ஒரு தனிப் பதிப்பை வெளியிட்டது. 2005-இல் ஆசிட்2 சோதனை வந்தது. லீ கிளப்பிய யோசனை, இயன் ஹிக்சன் எழுதியது. பிரவுசர் விதிகளைச் சரியாகப் பின்பற்றினால் ஒரு சிரித்த முகம் தெரியும், இல்லாவிட்டால் முகம் சிதறிப்போகும். நூறு பக்க அறிக்கை செய்யாததை அந்த ஒரு மூஞ்சி செய்தது. எக்ஸ்ப்ளோரர் 8 வரும்போது மைக்ரோசாஃப்டும் தேறிவிட்டது.

விண்டோஸோடு எக்ஸ்ப்ளோரரையும் கட்டியே கொடுக்கிறது மைக்ரோசாஃப்ட் என்று 2007-இல் ஓப்பெரா ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்ட மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. அதைச் சரியாகக் காட்டாததற்கு 2013-இல் 56.1 கோடி யூரோ அபராதமும் விழுந்தது. இதெல்லாம் ஓப்பெராவின் வியாபாரத்துக்காகத்தானே என்று கேட்கலாம். ஆமாம், அதுவும்தான். அதனால் என்ன? பலன் எல்லோருக்கும் கிடைத்தது.

வெப் ஃபாண்ட் விஷயத்தில் நமக்கும் இவரோடு ஒரு தொடர்பு உண்டு. தளத்துக்கு ஒரு ஃபாண்ட் இறக்கி நிறுவிவிட்டுத் தமிழ் படித்த காலம் ஞாபகமிருக்கிறதா? ஃபாண்ட்டைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் வசதி சிஎஸ்எஸ்2-இலேயே இருந்தது. ஆனால் எக்ஸ்ப்ளோரர் தனக்கென ஒரு வடிவம் வைத்துக்கொண்டது, மற்ற பிரவுசர்கள் கண்டுகொள்ளவில்லை. சாதாரண ட்ரூடைப் ஃபாண்ட் கோப்பையே நேரடியாக இணைக்க விடுங்கள் என்று 2000-களின் பின்பாதியில் விடாமல் வாதாடியவர்களில் லீ முக்கியமானவர். இன்று விதவிதமான தமிழ் எழுத்துருக்களில் தளங்கள் திறக்கின்றன என்றால் அந்த வாதத்துக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்கு அவரோடு வருத்தம் ஒன்றுதான். 2013-இல் ஓப்பெரா பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் தன் சொந்த பிரெஸ்டோ எஞ்சினைக் கைவிட்டு கூகுள் பக்கம் போனபோது அவர்தான் அங்கே தொழில்நுட்பத் தலைமையில் இருந்தார். செலவு கட்டுப்படியாகவில்லை என்பது புரிகிறது. ஆனால் ஒற்றை பிரவுசரின் ஆதிக்கத்தை எதிர்த்தே பெயர் வாங்கிய நிறுவனம் அது. அப்புறம் மைக்ரோசாஃப்டின் புது பிரவுசரான எட்ஜும் அதே வழியில் போனது. வாசகர் தன் ஸ்டைல்ஷீட்டை வைத்துக்கொள்ளும் வசதியையும் குரோம் 2014-இல் எடுத்துவிட்டது. அதற்காக யாரும் சிரித்த முகம் வரைந்து மானத்தை வாங்கவில்லை.

லீ மட்டும் ஓய்ந்தபாடில்லை. நார்வே நீதிமன்றத் தீர்ப்புகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி இன்னொருவரோடு சேர்ந்து ஒரு தளத்தில் போட்டார். 2018-இல் லோவ்டேட்டா என்ற சட்டத் தகவல் நிறுவனம் வழக்குப் போட, நீதிமன்றம் தளத்தை உடனே மூடச் சொன்னது. ஐம்பதைத் தாண்டிய வயதில், பொதுச் சொத்தைப் பொதுவில் வைத்ததற்காக மனிதர் கோர்ட் வாசலில் நின்றார்.