செருகிப் பார்த்தேன் சார், லைட்டு எரிஞ்சுது

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. பழைய ஆம்ப் (பாட்டைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்) விற்கிறவர், வாங்கி விற்கிறவர், பரணிலிருந்து அப்பாவின் செட்டை இறக்குகிறவர், எல்லோரும் முதல் காரியமாக இதைத்தான் செய்கிறார்கள். தூசியைக்கூடத் தட்டுவதில்லை. ஒயரை எடுத்து நேரே சுவரில் செருகிவிடுகிறார்கள். லைட்டு எரிந்தால் அது ‘ஒர்க்கிங் கண்டிஷன்’. விலையில் இரண்டாயிரம் ஏறிவிடும்.

போன மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எழுபதுகளில் வந்த, ஜப்பான் கம்பெனியான சான்சுயியின் ஆம்ப், ஏயு வரிசை, கறுப்பு முகம். இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். வடசென்னையில் ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் இருப்பதாகத் தகவல் வந்தது. பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒயர் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 100 வோல்ட். வோல்டேஜ் மாற்றும் வசதி எதுவும் இல்லை. ஜப்பானுக்குள்ளேயே விற்ற செட். உடனே போன் போட்டேன்.

“அண்ணே, தயவுசெஞ்சு அதைப் பிளக்குல போட்டுடாதீங்க. அவங்க ஊர் கரண்ட்டு 100 வோல்ட், நம்மது 230. ஞாயித்துக்கிழமை 230ஐ 100 ஆக்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை நானே எடுத்துட்டு வர்றேன்.”

“சரி சார், சரி சார்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப் டவுனை ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். கடை வாசலிலேயே தெரிந்துவிட்டது. வார்னிஷ் கருகிய நாற்றம். ஒருமுறை மோந்தவர்களுக்கு அது மறக்காது.

“நேத்து ஒரு பார்ட்டி வந்தாங்க சார், ஆன் பண்ணிக் காட்டச் சொன்னாங்க. ஃபியூஸ் அடிச்சிடுச்சு. கம்பி போட்டேன். லைட்டு சும்மா பளிச்சுன்னு எரிஞ்சுது சார்! அப்புறம் நின்னுபோச்சு. சின்ன ஃபால்ட்டாதான் இருக்கும்.”

மேல்மூடியைக் கழற்றினேன். ஃபியூஸின் கண்ணாடிக் குழாயைச் சுற்றி, ஏதோ ஒயரிலிருந்து உரித்த செம்பு இழை நாலைந்து சுற்று. எனக்குக் கை நடுங்கியது. ஃபியூஸ் போனது என்றால் உள்ளே ஏதோ ஆபத்து, நிறுத்து என்று அர்த்தம். அது போனதும் விட்டிருந்தால் ஒருவேளை மிச்சமெல்லாம் தப்பியிருக்கும். கம்பியைக் கட்டி மறுபடியும் கரண்ட் கொடுத்தால் என்ன ஆகும்? 100 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 230 பாய்ந்தால் அதன் இரும்பு தாங்காது, கரண்ட்டைக் கண்டபடி இழுக்கும், சுற்று கொதிக்கும். மறுபக்கம் வெளிவரும் வோல்டேஜும் இரண்டேகால் மடங்குக்கு மேல் ஏறிவிடும். 6 வோல்ட் பல்புக்கு 14 வோல்ட் போகும். அவர் பார்த்த ‘பளிச்’ அதுதான். கரண்ட்டைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கண்டென்சர் இரண்டும் தலை உப்பி, ஓரத்தில் சாறு கசிந்திருந்தது. மீட்டர் வைத்தேன். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் நான்கும் ஷார்ட்.

சான்சுயி கம்பெனி 1947இல் டோக்கியோவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யத்தான் தொடங்கப்பட்டது. ஆம்ப் எல்லாம் பிறகுதான். ஐம்பது வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நின்ற அவர்களுடைய டிரான்ஸ்ஃபார்மரை ஒரே சாயங்காலத்தில் கருக்கிவிட்டார்கள்.

விசாரித்தால் இன்னும் கொடுமை. அதைக் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தாராம். அவர் வீட்டில் ஸ்டெப் டவுனோடுதான் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் காலமானதும் வீட்டைக் காலி செய்தார்கள். ஆம்ப் இந்தக் கடைக்கு வந்தது. ஸ்டெப் டவுன் காயலான் கடையில் செம்பு விலைக்குப் போய்விட்டது. சேர்ந்தே இருந்த இரண்டு பொருளைச் சேர்த்துக் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

230 வோல்ட் செட் என்றால் செருகலாம் என்று நினைக்காதீர்கள். இருபது வருஷம் பரணில் கிடந்த செட்டுக்குள் கண்டென்சர் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு குண்டு பல்பு, ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், செட்டுக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி சீரியஸில் (வரிசையாக) போட்டால் போதும். எல்இடி உதவாது, இழை பல்புதான் வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் தப்பிக்கும். நன்றாக இருந்தால் ஒரு கணம் எரிந்து மங்கிவிடும். தெருமுனை ரேடியோ மெக்கானிக்குகள் எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலை இது. அதன்பிறகும் ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் ஸ்பீக்கர் முனையில் டிசி (ஒரே திசையில் பாயும் கரண்ட்) வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. முப்பது நாற்பது வோல்ட் வந்தால் ஸ்பீக்கர் காயில் அங்கேயே கருகிவிடும்.

ரெக்கார்டு சுற்றும் டர்ன்டேபிள் கதை வேறு. ஜப்பானில் கரண்ட் கிழக்குப் பக்கம் நம் ஊர் போல 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை), மேற்குப் பக்கம் 60. ஒசாகா பக்கத்து வீட்டிலிருந்து வந்த பழைய பெல்ட் டிரைவ் (மோட்டார் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றும் செட்), மோட்டார் கரண்ட்டின் ஹெர்ட்ஸை நம்பி ஓடுகிற வகை என்றால், ஸ்டெப் டவுன் போட்டும் இங்கே நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக 28க்கும் குறைவாகத்தான் சுற்றும். ஸ்டெப் டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பாட்டு ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். எஸ். ஜானகியின் குரலை அப்படிக் கேட்டுவிட்டு நான் பதறிப்போய்க் கேட்டபோது, விற்றவர் சொன்ன பதில்: “ரெக்கார்டு பழசு சார்.” பெல்ட் ஓடும் மோட்டார் சக்கரத்தை, அதாவது புல்லியை, 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதாதா?

அந்த ஆம்பை வாங்கினேனா என்றால், வாங்கினேன். பாதி விலைக்குத் தருகிறேன் என்றார், பேரம் பேசவே மனசு வரவில்லை. விட்டால் அடுத்த வாரம் அலுமினியத்துக்கு எடை போட்டுவிடுவார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இப்போது வைண்டிங் கடையில் இருக்கிறது, 230க்கே சுற்றச் சொல்லியிருக்கிறேன். டிரான்சிஸ்டர்தான் பெரிய தலைவலி. அசல் நின்று பல வருஷமாகிறது. மார்க்கெட்டில் வாங்கிய ஒரு ஜோடியில் சந்தேகம் வந்து ஒன்றின் உலோக மூடியை அறுத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூட்டுக்குள் எள்ளுக்குப் பக்கத்தில் வைக்கிற அளவில் ஒரு சில்லு. மேலே மட்டும் பளபளவென்று கம்பெனி பெயர். அது ஆம்பில் ஏறியிருந்தால் முதல் பாட்டிலேயே போயிருக்கும்.

ஆம்பின் கூடு மட்டும் என் மேஜையில் இருக்கிறது. வால்யூம் குமிழைத் திருகினால் இன்னும் ஒவ்வொரு படியும் டிக், டிக் என்று அத்தனை சுத்தமாக விழுகிறது.