பக்கவாதம் வராதவருக்கும் மூளை ரத்தக்குழாய் பாதிப்பு உண்டு

"பக்கவாதம் வந்தவருக்குத்தான் ரத்தக்குழாய் பாதிப்பால் மறதிநோய் வரும், மற்றவர்களுக்கு பிரஷர் மாத்திரைதான் மறதியைத் தருகிறது, நிறுத்திவிடலாம்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதன் இரு பகுதிகளுமே தவறானவை.

மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய தமனிகள் பல ஆண்டுகள் உயர் ரத்த அழுத்தத்தைத் தாங்கித் தடித்துக் குறுகும்போது, கை கால் விழாமலேயே, வாய் கோணாமலேயே, சிறு சிறு இடங்களில் திசு சேதமடைகிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் அது தெரியவரும். இதில் பெயர்களை மறப்பதைவிட, திட்டமிட்டுச் செய்யும் திறன் குறைவதே பெரும்பாலும் முதலில் தலைகாட்டும்: மாதந்தோறும் வங்கிக்குத் தனியாகப் போய்வந்த பெரியவர், படிவத்தில் எதை எங்கே நிரப்புவது என்று புரியாமல் கவுன்ட்டர் முன்னால் தடுமாறி நிற்பார், நடை தளர்ந்து பாதம் தரையை உரசும். இதை வயதுக் கோளாறு என்று வீட்டார் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அல்சைமர் உள்ள பலரது மூளையிலும் இப்பாதிப்பு சேர்ந்தே இருக்கிறது.

மாத்திரையைப் பொறுத்தவரை உண்மை நேரெதிரானது. 2019இல் வெளியான அமெரிக்காவின் 'ஸ்பிரின்ட் மைண்ட்' ஆய்வில், மேல் அழுத்தத்தை (ரத்த அழுத்த அளவில் முதலில் சொல்லப்படும் எண்ணை) 120க்குக் கீழ் கொண்டுவர சிகிச்சை பெற்றவர்களிடம், 140க்குக் கீழ் என்ற இலக்குடன் சிகிச்சை பெற்றவர்களைவிட, லேசான அறிவாற்றல் குறைபாடு (மறதிநோய் அளவுக்கு முற்றாத நினைவு, சிந்தனைக் குறைவு) குறைவாகவே காணப்பட்டது. முழு மறதிநோயில் அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதியவருக்கு அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் தலைசுற்றி விழும் ஆபத்து இருப்பதால், அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. செலவுதான் தடையென்றால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சென்னையிலும் இம்மாத்திரைகள் வீட்டுக்கே இலவசமாக வழங்கப்படுகின்றன.