பாடினால் பந்துவீச்சாளர் இல்லையா?

நேற்று சிறந்த வேகப்பந்து வீச்சாளர்களின் பட்டியல் குறித்து நடந்த சண்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலிய வீரர் பிரெட் லீயின் பெயர் வந்ததுமே, "விளம்பரத்தில் சிரிப்பவரும் ஆஷா போஸ்லேயுடன் பாடியவரும் இதில் எதற்கு?" என்று ஒருவர் கேட்டதும், அதற்கு அத்தனை பேர் கைதட்டியதும் என்னை உண்மையிலேயே வருத்தின.

அவர் அந்தப் பாடலைப் பாடியது 2006இல். மறு ஆண்டே, முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையில் வங்கதேசத்துக்கு எதிராக, அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் வீழ்த்தி ஹாட்ரிக் எடுத்தார்; பன்னாட்டு இருபது ஓவர் ஆட்டங்களில் அதுவே முதல் ஹாட்ரிக். அடுத்த சில மாதங்களில் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றபோது, நான்கு டெஸ்டுகளில் 24 விக்கெட்டுகளை வீழ்த்தித் தொடர் நாயகன் ஆனவரும் அவர்தான். பாட்டு அவருடைய வேகத்தில் எதைக் குறைத்தது?

டெஸ்ட் சராசரி, அதாவது ஒரு விக்கெட்டுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்கள், 30ஐத் தாண்டிவிட்டதே, அது குறைவாக இருந்தால்தானே நல்லது என்பீர்கள். தாண்டியது உண்மைதான்; 310 விக்கெட்டுகளோடு சேர்த்து அதை எடைபோடுங்கள். ஆனால் சராசரியைப் பேச வேண்டிய இடத்தில் பாட்டை ஏன் இழுக்கிறீர்கள்? பணத்துக்காக விளம்பரங்களில் நடித்தார் என்கிறீர்கள். வீட்-பிக்ஸ் என்ற காலை உணவு விளம்பரத்தில் நடித்ததால் எந்தப் பந்து மெதுவாகப் போனது? கணுக்காலில் அடிபட்டு 2007 ஒருநாள் உலகக் கோப்பையையே இழந்தவர் அவர். உடல் எந்த நாளில் கைவிடும் என்று தெரியாத ஒருவர், முடிந்த காலத்தில் சம்பாதிப்பதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லூரியில் நான் கைப்பந்து அணியில் இருந்தேன். மேடையில் பாடவும் செய்வேன். ஒரு போட்டியில் தோற்றதும் பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும், "பாடுகிறவனுக்கு இங்கே என்ன வேலை?" என்றார். அன்று என்னைவிட மோசமாக ஆடியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பாடாததால் அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் நான் மேடையேறவே இல்லை. நேற்றைய கைதட்டலில் எனக்குக் கேட்டது அதே குரல்தான்.

நடிகர் பாடினால் பன்முகத் திறமை என்கிறோம், ஆட்டக்காரர் பாடினால் கவனச்சிதறல் என்கிறோம். லீக்கு இசை திடீரென வந்த ஆசையும் அல்ல. அண்ணன் ஷேனோடும் நியூ சவுத் வேல்ஸ் அணித் தோழர்களோடும் சேர்ந்து இசைக்குழு நடத்தியவர். இந்தியாவில் வசதியற்ற குழந்தைகளுக்கு இசை வழியே உதவ ஓர் அறக்கட்டளையையும் தொடங்கியவர்.

2005இல் இங்கிலாந்துக்கு எதிரான எட்ஜ்பாஸ்டன் டெஸ்டில் உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 43 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்று, இரண்டே ரன்களில் அணி தோற்றதும் ஆடுகளத்திலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டவரைப் பார்த்து, ஆட்டத்தில் மனமில்லாதவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பட்டியலிலிருந்து அவரை எடுப்பதானால் அவருடைய பந்துவீச்சைக் காட்டி எடுங்கள். நான் பதில் சொல்கிறேன்.