குருவியின் காலில் இருப்பது சிப் இல்லை

கொடைக்கானல் சோலைக்காட்டில் எடுத்ததாகச் சொல்லி, காலில் வண்ண வளையங்கள் மாட்டிய குருவியின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "வெளிநாட்டுக் கம்பெனி சிப் வைத்திருக்கிறது, பறவை சாகும், பிடித்து வளையத்தை வெட்டி விடுங்கள்" என்கிறது அதன் கூடவே வரும் செய்தி. தவறு.

அவை பறவை ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்துக்காக மாட்டும் வெறும் அலுமினிய, பிளாஸ்டிக் வளையங்கள். பேட்டரி, கேமரா எதுவும் கிடையாது. இந்த முறை ஒன்றும் புதிதல்ல: 1899-லேயே டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் மைனா இனப் பறவைகளுக்கு எண் பொறித்த வளையம் மாட்டினார்.

பழனி மலையின் வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்ற சிறு பறவையில் (பெயரில்தான் கிளி) ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு-மஞ்சள், நீலம்-வெள்ளை என்று ஆளுக்கொரு வரிசை மாட்டினால், மறுபடி பிடிக்காமல் பைனாகுலரிலேயே அடையாளம் தெரிந்துவிடும். எந்த ஜோடி எந்தக் கூட்டுக்கு இரை கொண்டுபோகிறது, அடுத்த வருடமும் அதே சோலையில் இருக்கிறதா என்றெல்லாம் இப்படித்தான் தெரியவரும். கண்ணில் படாத பறவை செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இடம் மாறியும் இருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

சரி, ஆபத்தே இல்லையா? வளையம் மாட்டுவதற்காக வலையில் பிடிக்கும்போது கொஞ்சம் உண்டு. அதனால்தான் பயிற்சியும் வனத்துறை அனுமதியும் கட்டாயம். நாம் பிடித்து வளையத்தை வெட்டப் போனால் பறவையின் கால் ஒடியலாம், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கும் வரும்.

வளையத்தோடு பறவை செத்துக் கிடந்தால், வளையத்தில் உள்ள எண்ணைப் படம் எடுத்து வனத்துறையிடம் கொடுங்கள்.